பாதி ஸ்பாஞ்சுக்கு ஒரு தையல்

“சாவி உன் கையில இருந்துச்சு. மீனு செத்து மிதக்குது. நான் வேற யாரைப் போய்க் கேக்கணும்?”

“தீனி போடத்தானே சாவி குடுத்தீங்க? போட்டேன். ஒரு சிட்டிகை, தினம் ஒரு தடவை. தொட்டிக்குள்ள விரலைக்கூட விடலை.”

“அப்ப ஸ்பாஞ்சைக் கழுவினது யாரு? செத்துப்போன என் பொண்டாட்டி எந்திரிச்சு வந்து கழுவிட்டுப் போனாளா?”

மூன்றாம் மாடி நடையில் இந்தச் சத்தம் கேட்டபோது நான் மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தேன். போர்சோக் பொன்னிறமாக வர வேண்டுமென்றால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஆனாலும் அன்றைக்கு நகர்ந்தேன். பொரித்தவரைக்கும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். சண்டை போடுகிறவர்களுக்குப் பசிக்கும்.

பெரியவர்கள் மன்றத் தலைவர் அவர்களே, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பினீர்கள். புகார் கொடுத்தவர்களே ஊரைவிட்டுப் போன பிறகும் கோப்பு திறந்தே கிடக்கிறதாம். திறந்து கிடப்பது எதுவும் எனக்கும் பிடிக்காது. எழுதுகிறேன்.

கத்தியவர் ஷார்ஷென்பெக். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எனக்கு எதிர்வீடு. பேச்சு வாங்கியவள் ஜூரா, உயிரியல் வாத்தியாரம்மா. போன வருடம் பிப்ரவரியில்தான் நாலாம் மாடிக்குக் குடிவந்தாள். கணவர் எங்கே என்று கேட்டால் சிரிப்பாள். நான் நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் சிரித்தாள்.

ஒன்றைக் கவனித்தேன். அத்தனை கோபத்திலும் அவர் அவளை ‘நீ’ என்றார். பதினோரு வருடமாக என்னை ‘நீங்க’ என்றும் ‘எஜே’ என்றும்தான் கூப்பிட்டுவந்தார். அக்காவாம். என்னைவிட மூன்று வயது மூத்தவர் அவர். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அவருக்குச் சமைத்துக் கொடுத்தேன், கால்சட்டைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தேன். இந்தக் கட்டடத்தில் யார் கால்சட்டையைத் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே என் தையல் இருக்கும். சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் உழைத்த கை.

விஷயம் ஸ்பாஞ்சிலிருந்து தொடங்குகிறது.

குடிவந்தவளை நம் வழக்கப்படி வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். நான் மந்தி செய்தேன், பூசணிப் பூரணம் வைத்து ஆவியில் அவித்த கொழுக்கட்டை. ஷார்ஷென்பெக்குக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வாத்தியாரம்மா புதிதாக மீன் தொட்டி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், தன் தொட்டியில் ஆறு வருடமாகக் கிடந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளியே எடுத்தார். ரொட்டிக் கத்தியால் குறுக்கே வெட்டினார். ஒரு பாதியைச் சூப்புக் கிண்ணத்தில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார். பழுப்பு நிறம், சேற்று நாற்றம். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாளாம்.

“பைகே, இது தங்கத்தைவிடப் பெருசு,” என்றாள், அண்ணன் முறை வைத்து. கீழ்ப்படியில் விளக்குமாற்றோடு நின்றதால் எனக்கே கேட்டது.

வெட்டிக் கொடுத்துவிட்டதால் அவர் தொட்டிக்கு இன்னொரு ஃபில்டர் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்தைக்குக் கிளம்பினார்கள். எனக்கும் வெங்காயம் வாங்க வேண்டியிருந்தது. மினிபஸ்ஸில் அவர்களுக்கு நடுவில்தான் இடம் இருந்தது.

மீன் கடைக்காரர் ஜெனா ஒரு வாளியை எங்கள் முன் கவிழ்த்தார். கறுப்பு, நீலம், பச்சை, உருளை, சதுரம். நான் நீலத்தை எடுத்தேன், திரைச்சீலைக்குப் பொருந்தும் என்று. ஜெனா அதை என் கையிலிருந்து வாங்கி விரலால் அமுக்கிக் காட்டினார்.

“நிறத்தை மீனு பாக்காது அம்மணி. ஓட்டையைப் பாருங்க. ரொம்பப் பொடி ஓட்டைன்னா வாரத்துல அடைச்சுக்கும். குஞ்சுகளுக்கு மட்டும் அது. பெரிய மீனுக்குக் கொஞ்சம் கரடா இருக்கணும். அடியில கனம் இருக்கணும், இல்லாட்டி மிதக்கும். ரெண்டு உருளை வச்சது நல்லது, இந்த மாசம் ஒண்ணைக் கழுவு, அடுத்த மாசம் இன்னொண்ணு.”

“ரெண்டையும் ஒரே நாள்ல கழுவினா என்ன?” என்று கேட்டேன். கற்றுக்கொள்வதில் தவறில்லை.

“ஐயோ, அதுல இருக்கிற அழுக்குதான் மீனோட உயிரு. அதுல கிருமி குடியிருக்கு. மீனு போற மூத்திரத்தை அதுதான் திங்குது. பழசைத் தொட்டித் தண்ணியில லேசாப் பிழியணும், அவ்வளவுதான். புதுசை வாங்கினாலும் ஒரு மாசம் பழசுக்குப் பக்கத்துலயே கிடக்கட்டும். அப்பதான் அதுக்கும் கிருமி ஏறும்.”

“சோடா போட்டு வெந்நீர்ல கழுவினா?”

“அதுக்கு நேரா மீனை எண்ணெயில போட்ருங்க. சாப்பிடவாவது ஆகும்.”

மூவரும் சிரித்தார்கள். நான் இன்னொரு முறை கேட்டேன், சரியாகப் புரிந்துகொள்வதற்காக. ஜெனா இன்னொரு முறை அதையே சொன்னார். கடைசியில் ஜூரா கறுப்பில், கரடானதில், இரட்டை உருளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். “நீ சொன்னாச் சரிதான்,” என்றார் ஷார்ஷென்பெக். இவ்வளவு வருடத்தில் என் பூசணி மந்தியைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

மே மாதம் அவர் தலாஸுக்கு, தம்பி மகன் கல்யாணத்துக்குப் போனார். சாவியை ஜூராவிடம் கொடுத்தார். அவர் மனைவி உயிரோடு இருந்தபோது கொடுத்த இன்னொரு சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் ஒளித்தும் வைக்கவில்லை.

முதல் நாள் காலை, ஜூரா பள்ளிக்குப் போன பிறகு, உள்ளே போனேன். ஆண் துணையில்லாத வீடு அழுக்காகும் என்பார்கள், பெண் துணையில்லாத வீட்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். ஜன்னலைத் துடைத்தேன். திரைச்சீலைக்கு இஸ்திரி போட்டேன். பிறகு தொட்டி. பதினாறு ஏஞ்சல் மீன்கள், அவற்றில் ஒரு ஜோடி அவர் மனைவி வாங்கி விட்டது. கண்ணாடியோரம் வந்து என்னைப் பார்த்தன. நானும் பார்த்தேன்.

அந்த மாதம் பராமரிப்புக்காகக் குழாயில் வெந்நீரை நிறுத்தியிருந்தார்கள். அதனால் என் வீட்டில் கெண்டியை மூன்று முறை காய்ச்சி எடுத்துப் போக வேண்டியிருந்தது. சோடா போட்டு ஊறவைத்துப் பிழிந்தேன். ஆறு வருட அழுக்கு. நாலாவது தண்ணீரில் அந்தப் பாதி ஸ்பாஞ்ச் நீல நிறம் என்று தெரிந்தது. நான் எடுத்த அதே நீலம். சந்தையில் வாங்கிய கறுப்பையும் விட்டுவைக்கவில்லை. பாரபட்சம் கூடாது.

ரொட்டிக் கத்தியால் வெட்டிய பக்கம் மட்டும் பிய்ந்து பிய்ந்து நின்றது. அதை அப்படியே விட மனம் வரவில்லை. வெள்ளை நூலால் சுற்றிலும் ஓரம் தைத்தேன், நெருக்கமாக, முடிச்சு உள்ளே போகும்படி. தைத்த பிறகு அதிலிருந்து ஒரு பாதி வேறெங்கோ போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாலாம் நாள் அவர் திரும்பி வந்தார். நான் மேலே சொன்ன சண்டை அதுதான்.

நடையில் தட்டை நீட்டினேன். “விடுங்க பைகே. பாவம், வாத்தியாரம்மா சுத்தக்காரி. அழுக்கா இருக்கேன்னு கழுவியிருப்பா,” என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன்.

ஜூரா போர்சோக்கைத் தொடவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். “கத்துறதை அப்புறம் கத்துங்க. ஏழு இன்னும் மூச்சு விடுது. வாளி குடுங்க, என் தொட்டிக்குக் கொண்டுபோறேன்,” என்றாள். போகும்போது ஸ்பாஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுக்கு யாரு ஓரம் தச்சது?”

ஷார்ஷென்பெக் ஸ்பாஞ்சைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்சட்டை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சத்தம் கேட்டு ஏறி வந்திருந்த இரண்டாம் மாடிக் கிழவரும் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார், அவருக்கு இதில் என்ன வேலையோ.

“எஜே,” என்றார் ஷார்ஷென்பெக். அவ்வளவுதான்.

“தையல் யாரு வேணாலும் போடலாம்,” என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். மீதி மாவு புளித்துப் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் என்னை எஜே என்று கூப்பிடுவதில்லை. ஒரு விதத்தில் நான் வேண்டியதும் அதுதான்.

பிழைத்த ஏழும் ஜூரா வீட்டில், அவளுடைய பாதி ஸ்பாஞ்ச் தயவில் நீந்தின. அவற்றைப் பார்க்க அவர் தினமும் மேலே போனார். முதலில் காலையில். பிறகு காலையும் மாலையும். பிறகு சாப்பாடும் அங்கேயே. செப்டம்பரில் கல்யாணம், அக்டோபரில் காராகோலுக்கு, அவள் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். மீன்களை மூன்று லிட்டர் ஊறுகாய் ஜாடிகளில் விட்டு, குளிர்கோட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கல்யாணத்துக்குக் காரணம் யார் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு அழைப்பாவது வந்திருக்க வேண்டும்.

ஆக, தலைவர் அவர்களே, கழுவியது நான்தான். தெரிந்தேதான் கழுவினேன். ஜூரா மேல் பழி விழும் என்றும் தெரியும். மனம் உடைந்தவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார், தேநீர் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கிண்ணம்கூட எடுத்து வைத்திருந்தேன். கோப்பை மூடிக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது அந்தத் தைத்த பாதியைக் குப்பையில் போட்டிருந்தார்கள். நல்ல நூல், வீணாகக் கூடாதே என்று எடுத்து வந்தேன். ஜெனாவிடம் ஒரு சின்னத் தொட்டியும் ஒரே ஒரு ஏஞ்சல் மீனும் வாங்கினேன். ஸ்பாஞ்ச் இப்போது நன்றாகப் பழுப்பேறிவிட்டது, சேற்று நாற்றம் அடிக்கிறது. ஏழு மாதமாகக் கழுவவில்லை. யாராவது திரும்பி வந்து பார்ப்பார்கள் என்பதற்காக இல்லை. கழுவ எனக்கு நேரம் கிடைப்பதில்லை.