எட்டுப் பாட்டுக்கு ஒரு பல்

தஸ்லிமா: இன்னும் கொஞ்சம் வாயத் தொறங்க அங்கிள்... ஆ... வலிக்குதா?

காளியப்பன்: இல்ல டாக்டர்.

தஸ்லிமா: ஆடுதா?

காளியப்பன்: இல்ல.

தஸ்லிமா: அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழம காலைல ஷட்டரத் தூக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கிறீங்க. நான் கட்டிக் குடுத்த பல்லு நேராத்தானே உக்காந்திருக்கு?

காளியப்பன்: அதான் டாக்டர் பிரச்சன. நேரா இருக்கு.

தஸ்லிமா: புரியல.

காளியப்பன்: கோணலாக்கி விடுங்க.

தஸ்லிமா: என்னது?

காளியப்பன்: கோணலா. உடையுறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி.

தஸ்லிமா: அங்கிள்... பத்து வருஷமா இந்தத் தம்போய் ஊர்ல பல்லு பாக்குறேன். நேராக்குங்கன்னு வருவாங்க, வெள்ளையாக்குங்கன்னு வருவாங்க. கோணலாக்குங்கன்னு யாரும் வந்ததில்ல.

காளியப்பன்: நான் வந்திருக்கேன்ல.

தஸ்லிமா: போன வாரம் நானே போன் பண்ணிக் கேட்டேன். 'ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்'னு சொன்னீங்க!

காளியப்பன்: அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு குடுத்திருக்கீங்க. எப்படி லா மூஞ்சிக்கு நேரா சொல்றது?

தஸ்லிமா: இப்ப மட்டும் சொல்றீங்க? இருங்க, வாய மூடாதீங்க... இது என்ன, நுனியில கீறல்? நான் மாட்டி விட்டப்ப இது இல்லையே.

காளியப்பன்: அரம்.

தஸ்லிமா: அரமா?

காளியப்பன்: சின்ன அரம்தான் டாக்டர். பேக்டரில மெஷின் பாகத்துக்கு வச்சிருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான்...

தஸ்லிமா: அலமாக்! மூணு தடவ அளவு பாத்து மெருகு போட்ட பல்ல அரத்தால ராவுனீங்களா?

காளியப்பன்: நாலு இழுப்புதான். அதுக்கு மேல பயமா இருந்துச்சு.

தஸ்லிமா: நல்லவேள பயந்தீங்க. வாயில இருக்கும்போதேவா ராவுனீங்க?

காளியப்பன்: சேச்சே, கழட்டி வச்சுத்தான். நான் டெக்னிஷியன் டாக்டர்.

தஸ்லிமா: ஆமா, கார்டுலயும் அப்படித்தான் இருக்கு. 'காளியப்பன், அம்பத்தேழு, பெக்கான் நானாஸ், அன்னாசி பேக்டரி டெக்னிஷியன்.' சரி, டெக்னிஷியனுக்குக் கோணப் பல்லு எதுக்கு? அப்புறம் அந்தப் பெட்டி என்ன, வந்ததுலருந்து கைக்குழந்த மாதிரி மடியில வச்சிருக்கீங்க?

காளியப்பன்: சாக்ஸ்.

தஸ்லிமா: சாக்ஸபோனா? யாரோடது?

காளியப்பன்: என்னோடதுதான். டெனர் வகை. முப்பத்தாறு வருஷமா ஊதுறேன்.

தஸ்லிமா: முப்பத்தா... வேல என்னன்னு அன்னிக்கே கேட்டேனே அங்கிள்!

காளியப்பன்: வேல கேட்டீங்க, வேலையச் சொன்னேன்.

தஸ்லிமா: வாயில வச்சு ஊதுற ஆளுக்கு முன்பல்லு கட்டுறதுன்னா அது வேற கணக்கு! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

காளியப்பன்: யார்கிட்டயும் சொல்றதில்ல டாக்டர். சாக்ஸ்னு சொன்னா 'கல்யாணத்துக்கு வருவீங்களா'ன்னு கேப்பாங்க. ஜாஸ்னு சொன்னா மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

தஸ்லிமா: ஜாஸ்னா... பெரிய ஹோட்டல்ல லிஃப்ட் பக்கத்துல மெதுவா ஓடுமே, அதா?

காளியப்பன்: ...அதுவும்தான்.

தஸ்லிமா: கோவிச்சுக்காதீங்க. தெரியாமக் கேக்குறேன்.

காளியப்பன்: கோவம்லாம் இல்ல. எங்க குழுவுல வாய்ப்பாட்டு கெடையாது. நாலு வாத்தியம். செல்வராணி பியானோ, அவதான் எங்களுக்குத் தலைவி. இர்ஃபான் பேஸ். சுகுமாறன் டிரம்ஸ். நான் டெனர். ஒரே ராகத்த ஆளாளுக்குத் தன் குரல்ல சொல்லணும். அதான் ஜாஸ். ரெக்கார்டு வாங்குறவங்க பாட்டோட பேரப் பாக்குறதுக்கு முன்னாடி, அட்டையில யாரு என்ன வாசிச்சாங்கன்னுதான் பாப்பாங்க.

தஸ்லிமா: நீங்க ரெக்கார்டு போட்டிருக்கீங்களா?

காளியப்பன்: பாதி போட்டிருக்கோம்.

தஸ்லிமா: பாதியா?

காளியப்பன்: எட்டுப் பாட்டு, எல்லாம் ராணி எழுதுனது. 'பொந்தியான் சாலை'ன்னு பேரு. நாலு முடிஞ்சது, நாலு பாக்கி. நடுவுல நான் குளியலறையில வழுக்கி விழுந்து, பல்லு போச்சு.

தஸ்லிமா: மீதி நாலு எப்ப?

காளியப்பன்: இன்னைக்கு. ரெண்டு மணிக்கு. இங்கருந்து அஞ்சு நிமிஷம், அந்த டயர் கடைக்கு மேல ஸ்டூடியோ.

தஸ்லிமா: இன்னைக்கா! மணி பத்தாகப் போவுது... அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டா என்ன?

காளியப்பன்: இர்ஃபானுக்குச் சிங்கப்பூர்ல வேல. அவனுக்கு ஞாயித்துக்கிழம லீவு, எங்களுக்கு இங்க முன்னாடி வெள்ளியும் சனியும்தான். ஆறு வருஷம் டாக்டர்! நாலு பேரும் ஒரே நாள்ல முழுசா உக்காந்ததே கெடையாது. ஜோகூர்ல லீவு நாள சனி ஞாயிறா மாத்துனாங்களே, அதுக்கப்புறம்தான் ஞாயித்துக்கிழம சேந்தோம். இப்ப அவன் கம்பெனி அவன வியட்நாமுக்கு அனுப்புது. செவ்வாய்க்கிழம பிளைட். வர ரெண்டு வருஷமாகும்.

தஸ்லிமா: அப்ப இன்னைக்கு விட்டா...

காளியப்பன்: இன்னைக்கு விட்டா ரெக்கார்டு இருக்கும். நான் இருக்க மாட்டேன்.

தஸ்லிமா: ஏன்?

காளியப்பன்: புதுப் பல்லோட ஊதிப் பாத்தேன். தகரத்துல தட்டுற மாதிரி இருந்துச்சு. ரெண்டு வாரமா பெட்டியவே தொறக்கல. 'என்ன விட்டுடுங்க'ன்னு ராணிகிட்ட நானே சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம போன் பண்ணுனா. 'சிங்கப்பூர்லருந்து ஒருத்தரச் சொல்லி வச்சிருக்கேன்ணே. ரெண்டு மணிக்குள்ள உங்க பழைய சத்தத்தோட வந்தா நீங்க ஊதுங்க. இல்லன்னா அவரு ஊதட்டும்.' அவ்வளவுதான், போன வச்சிட்டா.

தஸ்லிமா: நல்ல ஆளா அவரு?

காளியப்பன்: சிங்கப்பூர்க்காரரு... நல்லாத்தான் ஊதுவாரு. அதான் ரெண்டு நாளா தூக்கமே வரல.

தஸ்லிமா: சரி, ஊதுங்க. எனக்குக் கேக்கணும்.

காளியப்பன்: இங்கயா? கீழ ரொட்டிக் கடையில கூட்டமா இருக்கு டாக்டர்.

தஸ்லிமா: இருக்கட்டும், ஊதுங்க.

காளியப்பன்: ...

தஸ்லிமா: நல்லாத்தானே இருந்துச்சு?

காளியப்பன்: இப்ப இந்தப் போன்ல இருக்கிறதக் கேளுங்க. அதே பாட்டு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பதிஞ்சது.

தஸ்லிமா: ...

காளியப்பன்: சொல்லுங்க.

தஸ்லிமா: இது நீங்களா?

காளியப்பன்: நான்தான்.

தஸ்லிமா: எனக்குச் சங்கீதம் தெரியாது அங்கிள். ஆனா இது யாரோ தொண்ட கரகரக்க, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. இப்ப நீங்க ஊதுனது... தப்பா நினைக்காதீங்க...

காளியப்பன்: வேற ஆளு.

தஸ்லிமா: வேற ஆளு.

காளியப்பன்: ராணியும் அதேதான் சொன்னா. கீழ் உதட்டுல சத்தம் எழுப்புற நாணல் தகடு படும், மேல் பல்லு வாயில வைக்கிற இந்தக் கறுப்பு முனை மேல உக்காரும். என் பல்லு கோணல்ங்கிறதால இருவத்தோரு வயசுலருந்து கொஞ்சம் சாச்சுப் பிடிச்சே பழக்கம். இப்ப பல்லு நேரானதும் எல்லாம் தூக்கிக்கிச்சு. வலது ஓரத்துல காத்து ஒழுகுது.

தஸ்லிமா: எவ்வளவு கோணல்? உள்ளயா, வெளியவா?

காளியப்பன்: கோணல்னா... கோணல்தான்.

தஸ்லிமா: நீங்க என்கிட்ட வந்தப்ப அந்த இடமே காலி. உடைஞ்ச பல்ல வச்சிருக்கீங்களா?

காளியப்பன்: தண்ணியோட போயிடுச்சு.

தஸ்லிமா: போட்டோ? பல்லு தெரியிற மாதிரி?

காளியப்பன்: அந்தப் பல்ல வச்சிக்கிட்டு யாரு சிரிப்பா? கல்யாணப் போட்டோலயே வாய மூடிட்டுத்தான் நிக்கிறேன்.

தஸ்லிமா: முன்னாடி பல் டாக்டர் யாராவது எக்ஸ்ரே எடுத்தது?

காளியப்பன்: நீங்கதான் முதல் டாக்டர்.

தஸ்லிமா: அப்ப எத வச்சு லா செய்யிறது? கண்ண மூடிட்டுத் திருப்புனா, அது உங்க கோணல் இல்ல, என் கோணல்!

காளியப்பன்: சரி டாக்டர். உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன். வர்றேன்.

தஸ்லிமா: இருங்க. அந்தக் கறுப்பு முனையக் கழட்டிக் குடுங்க.

காளியப்பன்: இதா? பாத்து, பழசு.

தஸ்லிமா: மேல என்ன ரெண்டு பள்ளம்?

காளியப்பன்: பல்லு பட்டுத் தேஞ்சது. இருபத்தெட்டு வருஷமா இதே ஒண்ணுதான். புதுசு வாங்கலன்னு ராணி திட்டிட்டே இருப்பா.

தஸ்லிமா: திட்டட்டும்! அங்கிள்... இங்க பாருங்க. இந்த லென்ஸ் வழியாப் பாருங்க. இடது பள்ளம் லேசு, நேரா இருக்கு. வலது பள்ளம்?

காளியப்பன்: ஆழமா இருக்கு.

தஸ்லிமா: சாஞ்சும் இருக்கு. ஒரு ஓரம் மட்டும் நல்லா இறங்கியிருக்கு. இது தேய்மானம் இல்ல அங்கிள், உங்க பல்லோட அச்சு! இருபத்தெட்டு வருஷமா நீங்களே எடுத்து வச்சிருக்கீங்க!

காளியப்பன்: இதுலருந்து... முடியுமா?

தஸ்லிமா: மெழுக உருக்கி இதுல அமுக்குறேன். பள்ளம் மெழுகுல மேடாகும். அந்த மேட்ட அளந்தா உங்க பல்லு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு மில்லிமீட்டர் கணக்குல வந்துடும். கழட்டி மாட்டுற பல்லுதானே, அண்ணத் தட்டுலருந்து பிரிச்சுத் திருப்பி ஒட்டலாம்.

காளியப்பன்: ரெண்டு மணிக்குள்ள?

தஸ்லிமா: வாயத் தொறங்க. பேசாதீங்க.

காளியப்பன்: ஆ...

தஸ்லிமா: வீட்ல ஆன்ட்டி என்ன சொல்வாங்க? நேரா இருந்த பல்லு திரும்பக் கோணலாயிடுச்சேன்னு கேக்க மாட்டாங்க?

காளியப்பன்: ஆ... ஆவ...

தஸ்லிமா: சரி, சரி, எடுத்துட்டேன். சொல்லுங்க.

காளியப்பன்: 'இப்பதான் மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க'ன்னு நேத்துகூடச் சொன்னா. அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு.

தஸ்லிமா: சாக்ஸ் ஊதாதப்ப போட்டுக்க நேரா ஒண்ணு தனியா செஞ்சு தர்றேன். மாப்பிள்ளைக்கு ஒண்ணு, டெனருக்கு ஒண்ணு. இந்தாங்க, மாட்டுங்க. ஊதுங்க.

காளியப்பன்: ...

தஸ்லிமா: எப்படி?

காளியப்பன்: கிட்ட வந்துடுச்சு டாக்டர்! ஆனா இன்னும் கொஞ்சம் ஒழுகுது.

தஸ்லிமா: எங்க?

காளியப்பன்: வலது ஓரம்.

தஸ்லிமா: எனக்கும் கேட்டுச்சு. 'ஸ்ஸ்'னு ஒண்ணு.

காளியப்பன்: சங்கீதம் தெரியாதுன்னீங்க?

தஸ்லிமா: காத்து ஒழுகுனா தெரியாதா? குடுங்க. ஆழத்த அளந்தேன், சாய்வ முழுசா எடுக்கல. அர மில்லி போதும்.

காளியப்பன்: என் அரம் வேணுமா?

தஸ்லிமா: பேசாம உக்காருங்க அங்கிள்.

காளியப்பன்: மணி என்ன டாக்டர்?

தஸ்லிமா: ஒண்ணு இருபது. கேக்காதீங்க, இதோ முடிச்சிட்டேன்... இந்தாங்க. இதுக்கு மேல அந்தப் பள்ளத்துல ஒண்ணும் பாக்கி இல்ல. ஊதுங்க.

காளியப்பன்: ...

தஸ்லிமா: அங்கிள்...

காளியப்பன்: ...

தஸ்லிமா: அங்கிள், நிறுத்துங்க. ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கீழ பாருங்க.

காளியப்பன்: என்ன? சத்தம் போடுறாங்களா?

தஸ்லிமா: கை தட்டுறாங்க! ரொட்டி போடுறவரு மாவக் கையில வச்சிட்டு அப்படியே மேல பாத்துட்டு நிக்கிறாரு!

காளியப்பன்: வந்துடுச்சு டாக்டர்... நான் வந்துட்டேன்.

தஸ்லிமா: அழாதீங்க, பசை இன்னும் முழுசாக் காயல. போனக் குடுங்க. அந்த ராணி நம்பர் எது?

காளியப்பன்: வேணாம், நேராவே போயி...

தஸ்லிமா: ரிங் போவுது. நான் பிடிச்சிக்கிறேன், நீங்க ஊதுங்க.

செல்வராணி: ஹலோ, அண்ணே? எங்க இருக்கீங்க?

தஸ்லிமா: நான் பல் டாக்டர் தஸ்லிமா. உங்கண்ணன் இங்கதான் இருக்காரு. ஒண்ணும் பேசாதீங்க, கேளுங்க.

செல்வராணி: டாக்டரா? என்ன ஆச்சு, அவருக்கு...

தஸ்லிமா: கேளுங்கன்னேன்!

காளியப்பன்: ...

தஸ்லிமா: போதும் அங்கிள், இப்ப பேசுங்க.

காளியப்பன்: ராணி? லைன்ல இருக்கியா?

செல்வராணி: ...இருக்கேண்ணே.

காளியப்பன்: எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு.

செல்வராணி: சுகுமாறன் கையிலருந்து குச்சியக் கீழ போட்டுட்டான். இர்ஃபான் உங்க பாட்டுக்குப் பின்னாலயே பேஸ் வாசிக்க ஆரம்பிச்சிட்டான், போனுன்னுகூடப் பாக்காம. கேக்குதா?

காளியப்பன்: கேக்குது... கேக்குது மா.

செல்வராணி: இதுக்கு மேல நான் என்ன சொல்ல? சாக்ஸ எடுத்துட்டு வாங்க.

தஸ்லிமா: நாலு பாட்டுக்கும் தாங்கும். ஆனா அங்கிள், ஒரு வாரத்துக்கு அன்னாசி மட்டும் கடிக்கக் கூடாது.

காளியப்பன்: பேக்டரில சேந்த வருஷத்தோட அத விட்டுட்டேன் டாக்டர். நீங்களும் வாங்க. நாலாவது பாட்ட உங்களுக்காக ஊதுறேன்.

தஸ்லிமா: லிஃப்ட்ல ஓடுற மாதிரி இருக்காதே?

காளியப்பன்: டாக்டர்!

தஸ்லிமா: சும்மா லா. கதவப் பூட்டிட்டு வர்றேன்.

காளியப்பன்: ராணி, வைக்காத. ஒண்ணு கேக்கணும். அந்தச் சிங்கப்பூர்க்காரரு வந்துட்டாரா? பாவம், எல்லைப் பாலத்துல ரெண்டு மணி நேரம் நெரிசல்ல நின்னு வந்திருப்பாரு. வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு பாட்டுல ரெண்டு டெனரும் சேந்து ஊதுவோம். இப்ப எனக்குப் பயம் இல்ல. யாரு வந்தாலும் நிப்பேன். அவரு பேரு என்ன? நீ சொல்லவே இல்லையே.

செல்வராணி: பேரு வைக்க மறந்துட்டேண்ணே.

காளியப்பன்: என்ன சொல்ற?

செல்வராணி: அப்படி ஒரு ஆளே கெடையாது. நல்லவிதமாக் கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்... ரெக்கார்டு அட்ட போன வாரமே எட்டுப் பாட்டோட அச்சாகி வந்துடுச்சு. டெனர் சாக்ஸுக்குப் பக்கத்துல வேற பேரு எழுத எங்க மூணு பேருக்கும் கை வரலண்ணே.