இருபத்தாறாவது கிளாஸ்

— அந்த மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்து. காதுக்குள்ள ஓடற மாதிரி இருக்கு.

— முடிஞ்சுதுக்கா, இன்னும் ஒரே ஒரு சுத்து. கீரை நார்நாரா நின்னா அப்பாவுக்குப் பிடிக்காது.

— அவருக்கு என்ன பிடிக்கும்னு இந்த வீட்ல எனக்கே சொல்லு. நல்லாருக்கு.

— ஆரம்பிச்சுட்டியா? நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஷேவ் பண்ணி, தலை சீவி, ரெடியா உட்கார்ந்திருக்கார் மனுஷன். மணி இன்னும் ஏழுகூட ஆகல.

— நான் பார்த்துக்கிட்ட நாலு வருஷத்துல எட்டரைக்கு முன்னாடி கட்டிலைவிட்டு இறங்கினதில்ல. ஓட்ஸ் கஞ்சியை ஆறவச்சுக் கையில குடுத்தா, ஜன்னலைப் பார்த்துக்கிட்டே குடிப்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாருக்குன்னு சொன்னதில்ல.

— அவர் சுபாவம் அப்படிக்கா.

— உன்கிட்ட மட்டும் சுபாவம் மாறிடுச்சாக்கும்? நேத்து லிஃப்ட்ல மூணாவது மாடிக்காரம்மாகிட்ட சொல்றார், 'என் சின்னப் பொண்ணு வந்து என்னைக் காப்பாத்திட்டா'ன்னு. நான் பக்கத்துலதான் நிக்கறேன், ரெண்டு கையிலயும் அவரோட பையைத் தூக்கிக்கிட்டு. அப்ப நான் இத்தனை நாள் என்ன, அவரைக் கொல்லவா பார்த்தேன்?

— அக்கா, உனக்குப் பொறாமையா?

— ஆமா. வயிறு எரியுது. போதுமா?

— ஐயோ, ஒரு கிளாஸ் ஸ்மூத்திக்கா? ரெண்டு பிடி பாலக்கீரை, ஒரு பிடி கொத்தமல்லி, பாதி ஆப்பிள், துளி இஞ்சி. யார் வேணா அடிக்கலாம். நாளையிலேர்ந்து நீயே குடுத்துக்கோ, நான் ஒதுங்கிக்கறேன்.

— நான் குடுத்தா கஞ்சி. நீ குடுத்தா அமிர்தம். இன்னியோட இருபத்தாறு கிளாஸ்.

— எண்ணிக்கிட்டா இருக்க?

— கழுவறது நான்தான?

— வீட்டைவிட்டு என் புருஷன் என்னை அனுப்பினப்ப கையில ஒரு பெட்டியோட இங்க வந்தேன். எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லி அனுப்பினான். அப்பா அந்தக் கிளாஸைக் காலி பண்ணிட்டு உதட்டைத் துடைச்சுக்கும்போது, பரவாயில்ல, என்னாலயும் ஒண்ணு ஆகுதுன்னு தோணுது. அதையும் பிடுங்கிக்காதக்கா, ப்ளீஸ்.

— நான் ஒண்ணும் பிடுங்கல. உன் போன் அடிக்குது பாரு.

— இது உன்னோடது. உன் கை ஈரமா இருக்கு, இரு, நான் எடுக்கறேன். ஹலோ... ஆமாங்க, அவர் பொண்ணுதான் பேசறேன், சின்னவ... நேத்து எடுத்த ரத்தமா? மாசாமாசம் எடுக்கறதுதானங்க... என்னது?... இன்னிக்கேவா? சரிங்க. இப்பவே கிளம்பறோம்.

— என்னவாம்?

— கிளினிக். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஒரு மாத்திரை குடுக்கறோமே, அது வேலையே செய்யலையாம். இப்படியே விட்டா இதயத்துல வச்ச வால்வுல ரத்தம் கட்டிக்குமாம். உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அக்கா, மாத்திரை நீதான குடுக்கற? மறந்துட்டியா?

— ஒரு ராத்திரிகூட மறந்ததில்ல. டப்பாவைத் திறந்து எண்ணிப் பாரு.

— அப்ப மாத்திரையே மோசமா? நீ வேலை பார்க்கற கடையிலதான வாங்கற?

— மாத்திரையில குறை இல்ல.

— பின்ன எதுலதான் குறை?

— அந்தக் கிளாஸைக் கீழ வை.

— ஏன்?

— வைன்னு சொல்றேன்ல. கீரைக்கும் அந்த மாத்திரைக்கும் ஆகாது. கொஞ்சமா, தினம் ஒரே அளவா சாப்பிட்டா டாக்டர் அதுக்கேத்த மாதிரி மாத்திரையைக் கூட்டிக் குறைச்சுக் குடுப்பார். திடீர்னு தினம் மூணு பிடின்னு பச்சையா இறக்கினா, மாத்திரை என்ன பண்ணும்?

— எனக்குத் தெரியாதேக்கா. சத்தியமாத் தெரியாது. நல்லதுன்னுதான்... அப்ப நான்தானா? நானா அவரை இப்படிப் பண்ணேன்?

— குட்டி, என் பச்சை எங்கம்மா? பெரியவ திட்டறான்னு அதை ஒளிச்சு வச்சிட்டியா?

— இதோ வரேன்ப்பா. கொஞ்சம் இருங்கப்பா.

— சீக்கிரம் வா. நாக்கு கேக்குது.

— அழாத. அந்த ரூம் வரைக்கும் கேட்கும். முகத்தைக் கழுவிக்கிட்டுப் போய் அவர் செருப்பை எடுத்து வை. நான் வண்டிக்குச் சொல்றேன்.

— அக்கா.

— என்ன?

— நீ பதினோரு வருஷமா மருந்துக்கடையில நிக்கற. இந்த மாத்திரையை வாங்க வர்றவங்ககிட்டல்லாம் கீரையைப் பத்திச் சொல்லித்தான குடுப்ப?

— சொல்லுவேன்.

— முதல் நாள் இங்க, இதே இடத்துல நின்னு, எந்தக் கீரை, எத்தனை பிடின்னு கேட்ட. அக்கா நம்மகிட்ட பேசறாளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துது.

— இப்ப எதுக்கு அதெல்லாம்? நேரமாகுது.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அன்னிக்கே உனக்குத் தெரியுமா?

— தெரியலன்னா நான் எதுக்குடி கிளாஸை எண்ணிக்கிட்டிருக்கப் போறேன்?