என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை

என் பெயர் சுந்தரி. வயது முப்பத்தெட்டு. தங்க வயல் மாரிகுப்பத்தில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். சுரங்கத்தில் கீழேயிருந்து மணி அடித்ததும், ஆட்கள் நிற்கும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜின் டிரைவர் ராஜமாணிக்கத்தின் மனைவி. பூதிகோட்டையில் இருக்கும் என் அக்கா சரோஜம்மாவும் அவள் புருஷனும் என்னை வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக என் புருஷன் கொடுத்த புகாரின் பேரில், 1998 ஆகஸ்டு மாதம் இன்று ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்டு, தமிழ் தெரிந்த ஏட்டு விசாரிக்க இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் அப்பா அக்கா வீட்டில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த என் புருஷன் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உடனே போய்விட்டார். அதன் பிறகு நானும் வீடு திரும்பி, வழக்கம்போல் அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு நாள், "ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு காரியம்" என்று அவரிடம் சொன்னேன். "சரி, போய்ட்டு வா" என்றார். நான் தனியாகப் பஸ் ஏறினேன். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "இன்னா, வூட்டுக்காரரு வரலியா" என்று கேட்டார்கள். டூட்டி என்று பொய் சொன்னேன். அன்று அவருக்கு லீவு.

அதன் பிறகு புருஷன் மேல் கோபத்தில் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலைப் பார்த்தேன். நான் ஏன் வரவில்லை என்று அவருக்கே புரியும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெருமை வேறு. வந்தது போலீஸ் ஜீப். பெண்டாட்டிக்கே வரப் பிடிக்கவில்லை என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. யாரோ பூட்டி வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டதற்கு என் புருஷன், "எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல சார், நல்லா சந்தோஷமா தான் இருந்தா" என்றார். அதன் பிறகு, காரியத்துக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன்.

"நீ வான்னு கூப்புடலியே. மணி அடிக்காம கேஜ எடுத்தா ஆளு செத்துப்பூடுவான். என் வேலையே அதானே" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். பதினெட்டு வருஷமாகச் செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா மேலும் அவள் புருஷன் மேலும் ஒரு குற்றமும் இல்லை. காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் அவர்களை விட்டுவிட வேண்டும். நான் இவரோடு போக விரும்பவில்லை. அக்கா வீட்டுக்கே போகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று இனி யாராவது கேட்டால், தெரியாது என்று இவர் சொல்லட்டும்.

ஏட்டு எழுதியதைப் படித்துக் காட்டினார். அப்பா இறந்ததில் மனமுடைந்து அக்கா வீட்டில் தங்கிவிட்டதாக எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அதை அடித்துவிட்டு, புருஷன் மேல் கோபத்தில் என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு, மற்றதெல்லாம் நான் சொன்ன உண்மைப்படியே இருப்பதால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சுந்தரி