மலையம்மாள் எடுத்த சீட்டு

வெள்ளை எலிக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் பாட்டிலின் குழாயைப் பல்லால் தட்டும். பசுமலை ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பகலில் எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பேன். மாலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறேன். அன்றன்று நடந்ததை நோட்டில் எழுதிவிடுவேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. மலையம்மாள் சாவுக்கு நான்தான் காரணமா என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெரியும்.

செலினியம் என்பது மண்ணில் துளியளவே இருக்கும் தாது. எல்லா எலிகளுக்கும் புற்றுநோய் உண்டாக்கும் மருந்தைக் கொடுப்போம். பாதி எலிகளின் தண்ணீரில் செலினியம் கலப்போம். மீதிக்கு வெறும் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வோம். இருபத்து நான்கு வாரம் பார்ப்போம். 1998இல் முடிந்த முதல் சுற்றில், செலினியம் குடித்த எலிகளுக்குக் கட்டி குறைவாகவே வந்தது.

கூண்டு கழுவ அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் பஸ்ஸில் வருவார்கள். மலையம்மாள், சோலையம்மாள். அவர்களுடைய அம்மா மார்பில் கட்டி வந்து இறந்தவர்.

“தம்பி, எனக்கும் இடது பக்கம் நெல்லிக்கா கணக்கா ஒண்ணு உருளுது. இவளுக்கும் இருக்காம். எலிக்கு ஊத்துறதுல எங்களுக்கும் கொஞ்சம் ஊத்தேன்” என்றாள் மலையம்மாள்.

“எலிக்குக் குடுக்குற மரியாதையக்கூட நமக்குக் குடுக்க மாட்டாகளா?” என்றாள் தங்கை.

எங்கள் தலைமை விஞ்ஞானி ஹம்சவேணி மேடத்திடம் பொதுவாகக் கேட்டேன். “மனுஷங்ககிட்ட பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது, சாய். நம்ம வேலை எலியோட சரி” என்றார். முதல் வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான் அவசரப்படவில்லை. பன்னிரண்டு நாள் யோசித்தேன். இருவருக்கும் கொடுத்து, கட்டி கரைந்தால், மருந்தால் கரைந்ததா தானாகக் கரைந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு சீட்டு எழுதி டம்ளரில் போட்டு மலையம்மாளை எடுக்கச் சொன்னேன். யார் முதலில் குடிப்பது என்பதற்காக என்று அவள் நினைத்திருக்கலாம்.

“எனக்குச் சீட்டு விழுந்து எம்புட்டு வருஷமாச்சு” என்று சிரித்தாள்.

அவளுக்கு விழுந்தது வெறும் தண்ணீர். அவளே எடுத்த சீட்டு.

புதன்கிழமை எலிகளுக்கு எடை பார்க்கும் நாள். அது முடிந்ததும் தீனிமூட்டைத் தராசில் இவர்கள் ஏறுவார்கள். மலையம்மாள் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள். “செருப்பு கனத்தையும் என் தலையில எழுதிராதய்யா” என்பாள்.

ஐந்தாம் வாரம், “பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரட்டா, தம்பி?” என்று கேட்டாள்.

“வேற மருந்து சேந்தா இது கெட்டுரும்க்கா. இருபத்து நாலு வாரமும் முடியட்டும்” என்றேன்.

சரி என்றாள். என் பேச்சை அப்படிக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

ஒன்பதாம் வாரம் சோலையம்மாளின் மூச்சில் பூண்டு வாசம் வந்தது. பிறகு முடி கொட்டியது. நகங்கள் வெளுத்துக் கழன்றன. இருநூறு கிராம் எலிக்கு இவ்வளவு என்றால் நாற்பத்தெட்டு கிலோவுக்கு எவ்வளவு என்று பெருக்கித்தான் கலந்தேன். கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். எலிக்கும் மனிதருக்கும் அப்படிப் பெருக்கக் கூடாது என்பது மூன்றாமாண்டுப் பாடம். நான் இரண்டாமாண்டு.

“இவகிட்ட பூண்டு வாசம் வருது, எனக்கு ஒண்ணையும் காணோமே. என் தண்ணியில மருந்து போட மறந்துட்டியா, தம்பி?” என்றாள் மலையம்மாள். அப்போது அவள் கட்டி எலுமிச்சை அளவு.

“ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரிக்கா.” அது பொய்யில்லை.

பதினெட்டாம் வாரம் கட்டி புண்ணானது. தராசில் ஏற நான் கை கொடுத்தேன். இருபத்திரண்டாம் வாரத்துக்குப் பிறகு நோட்டில் அவள் வரிசை காலியாக இருக்கிறது.

நகம் போன சோலையம்மாளைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் என்ன குடித்தாய் என்று கேட்டார்கள். அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள். அவளுக்கு இருந்தது வெறும் கொழுப்புக்கட்டி என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு அதுதான் வருத்தம். ஒப்பிட்டதற்கே பொருளில்லாமல் போய்விட்டது.

புதன்கிழமைகளில் மாலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. திரும்பினால் சுவர்தான். என் கை பேனாவை எடுத்துவிடுகிறது. எழுத எடை இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான்.

ஆமாம், ஐயா. வெறும் தண்ணீர் என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஐந்தாம் வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். காரணம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நோட்டில் இல்லை. மலையம்மாளின் மகள் தமிழ்வாணி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். “அண்ணே, அம்மாவுக்கு லேட்டாக் குடுத்ததாலதான பலிக்கல? எனக்கு இப்பவே குடுத்துருங்க” என்று அழுதாள். அவளுக்குக் கட்டி எதுவும் இல்லை. தடுக்க முடியுமா என்று பார்க்க அப்படிப்பட்டவர்தான் வேண்டும். செலினியம் கலந்து ஆறு பாட்டில் கொடுத்தனுப்பினேன். சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

தயவுசெய்து அவளிடம் போய் எதையும் சொல்லிவிடாதீர்கள். இது முதல் வாரம்தான்.