மைதானத்துக்கு வந்த பால்வெளி

டீச்சர்: ...வட்டம் இல்ல மாஸ்டர், சுருள்! பிள்ளைங்களைச் சுருளா நிக்க வைங்க!

மாஸ்டர்: இருபது வருஷமா விசில் அடிச்சு வரிசையா நிக்க வெச்ச ஆளுங்க நான். திடீர்னு சுருள்னா...

டீச்சர்: தொட்டியில தண்ணி சுத்திச் சுத்தி இறங்குமே, நம்ம பால்வெளியும் அப்படித்தான். நடுவுல கும்பல். வெளிய வர வர கை கையா நீளணும்.

மாஸ்டர்: ஓ, நாம இருக்கறது தொட்டியிலயா!

டீச்சர்: கிண்டலா? மாடியைப் பாருங்க, பெரிய டீச்சர் நிக்கறாங்க. "ரெண்டாங்கிளாஸுக்குப் பால்வெளி எதுக்கு"ன்னு நேத்தே கேட்டாங்க. இன்னிக்குச் சொதப்பினா நாளையிலிருந்து பழையபடி மனப்பாடம்தான்.

மாஸ்டர்: டேய், கட்டுக்காலு! மாவுக்கட்டோட எங்கடா குதிக்கற?

டீச்சர்: அவனுக்கு நடுவுல நாற்காலி போடுங்க. அவன்தான் கருந்துளை. எல்லாரும் அவனைச் சுத்தி வரணும்.

மாஸ்டர்: மூஞ்சியைப் பாருங்க... கருந்துளைக்கு இவ்வளவு வெளிச்சம் ஆகாதே! அது சரி, சூரியன் யாரு? அதுக்குத்தான் அங்க அடிதடி.

டீச்சர்: அடிதடியா!

மாஸ்டர்: ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சிட்டாங்க. ஒரு வாலு, "சாதா நட்சத்திரமா நிக்க மாட்டேன்"னு தரையில உருளுது.

டீச்சர்: சூரியனே சாதா நட்சத்திரம்தானே! நடுவுல கூட இல்ல, பாதி தூரம் தள்ளி...

மாஸ்டர்: ஏழு வயசுகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க.

டீச்சர்: ...சரி. அந்தப் பக்கம் அறுபது பேர் உங்க பொறுப்பு. இந்தப் பக்கம் நான். எதையாவது சொல்லி அடக்குங்க.

மாஸ்டர்: ம்... முடிஞ்சுது. உங்க பக்கம்?

டீச்சர்: பெட்டிப் பாம்பு! ஊதுங்க விசிலை!

மாஸ்டர்: மெதுவா... கையை விடாத... ஏய், முந்தாத!

டீச்சர்: மாஸ்டர், சுத்துது! நிஜத்துல ஒரு சுத்துக்கு இருபது கோடி வருஷத்துக்கு மேல...

மாஸ்டர்: நம்ம ஆளுங்க ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க!

கட்டுக்கால்: மாஸ்டர்! எல்லாரும் என்னைச் சுத்துறாங்க! எல்லாரும்!

மாஸ்டர்: ஆட்டாதடா, நாற்காலி கவுந்துடும்! ...டீச்சர், எங்க ஓடுறீங்க? மாடிக்கா?

டீச்சர்: இதோ வந்துட்டேன்!

மாஸ்டர்: அட... பெரிய டீச்சரா அது? செருப்பைக் கழட்டிட்டு... கடைசிக் கையில சேர்ந்துட்டாங்களே!

டீச்சர்: வாயை மூடுங்க, ஈ பூந்துடும். அடுத்த மாசம் மூணாங்கிளாஸுக்கும் வேணுமாம்!

மாஸ்டர்: ஜெயிச்சுட்டீங்க! இருங்க, சூரியனுக்கு ஒரு கைதட்டல் போடச் சொல்றேன். ஆளைக் காட்டுங்க.

டீச்சர்: நானா? நீங்க... உங்க பக்கம் வெச்சிருப்பீங்கன்னு...

மாஸ்டர்: நான் உங்க பக்கம் இருக்கும்னு நெனச்சேனே!

டீச்சர்: மாஸ்டர், அந்தப் பிள்ளைங்க காதுல என்ன சொன்னீங்க?

மாஸ்டர்: "நீதான் சூரியன், வெளிய சொன்னா பதவி போயிடும்"னு...

டீச்சர்: யார்கிட்ட?

மாஸ்டர்: ...அறுபது பேர்கிட்டயும். சிரிக்காதீங்க! நீங்க?

டீச்சர்: நானும் அதேதான். ஆனா என் பக்கம் அறுபத்தொண்ணு, மாஸ்டர்... பெரிய டீச்சரையும் சேர்த்து.