டெல்மருக்குப் பிடிக்காத படங்கள்

பேய்ப் படங்களில் எனக்குப் பிடித்தது முதல் அரை மணி நேரம்தான். அதுவரை ஒன்றும் நடந்திருக்காது. யாராவது புது வீட்டுக்குக் குடிவருவார்கள், பெட்டிகளைப் பிரிப்பார்கள், சோபாவை எங்கே போடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். பேய் வந்த பிறகு எல்லாப் படமும் ஒன்றுதான். ஓடுவார்கள், விழுவார்கள், எழுந்து மறுபடி ஓடுவார்கள்.

இந்த மாதிரிப் படமெல்லாம் பார்ப்பதில்லை என்றீர்கள். உங்கள் வேலைக்கு அது சரிதான் மேடம். காபிக்கு நன்றி. கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை.

டெல்மர் கோஸ்கியைப் பற்றித்தான் பேச வந்தேன். சொல்கிறேன். ஆனால் என் சின்ன வயதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். கொலைகாரனுக்கு ஒரு சோகமான பிள்ளைப் பருவம் இருந்ததாகக் காட்டும் படங்கள் எனக்கு ஆகாது. அப்பா அடித்தார், பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று காட்டிவிட்டால், அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது. என் அப்பா யாரையும் அடித்ததில்லை. துறைமுகத்தில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். நானும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் கதை ஒன்றுமில்லை.

டெல்மரைக் காமிக்ஸ் கடையில் சந்தித்தேன். இரண்டு பேருக்கும் அப்போது மீசை முளைக்காத வயது. ஒரே இதழை நோக்கி இரண்டு கை நீண்டன. அவன் விட்டுக்கொடுத்தான். "நீ படிச்சிட்டுக் குடு. மூலைய மடக்கின, கொன்னுருவேன்" என்றான். நான் மடக்கவில்லை. அன்று முதல் சனிக்கிழமை என்றால் நாங்கள் இருவர்தான். மத்தியானம் கடை, அதன்பிறகு ஒரு படம். ஊரில் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு டெல்மர் வீட்டு நிலவறையில் பார்த்தோம். அவன் நகரப் பேருந்து ஓட்டினான். எந்த ஷிப்ட் போட்டாலும் சனிக்கிழமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

காமிக்ஸில் எனக்கு ஒரே ஒரு குறைதான். அங்கே சாவுக்கு மரியாதை கிடையாது. ஒரு நாயகனைச் சாகடிப்பார்கள், ஊரே மழையில் நின்று அழும், பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவான்.

"டேய், போன வருஷம்தான இவன அழுதுக்கிட்டே பொதைச்சோம்?" என்பேன்.

"வருவான்டா. புதுச் சட்டை போட்டுக்கிட்டு வருவான். அவன் செத்துட்டா சட்டைய யாருக்கு விக்கிறது?" என்பான் டெல்மர்.

அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். நான்தான் வாதம் செய்வேன். ஓடிவருகிற கொலைகாரனைவிட நடந்து வருகிறவன்தான் பயங்கரம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். அவசரம் இல்லாதவனிடமிருந்து தப்பிக்க முடியாது. அவன் சோளப்பொரியைக் கொறித்துக்கொண்டு தலையை ஆட்டுவான். அவன் என்னோடு ஒத்துப்போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அப்படி நினைத்திருக்கிறேன்.

மார்லிஸ் அவனுடைய பேருந்தில் ஏறியவள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். புருஷன் இல்லை. பேருந்தில் எப்போதும் முதல் இருக்கையில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே போவாளாம். ஒரு சனிக்கிழமை நான் போனபோது நிலவறை சோபாவில் ஒரு கம்பளி நூல் கூடையோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல பெண். எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். ஆனால் படம் ஓடும்போது பேசுவாள்.

"இந்தப் பொண்ணு லைட்டைப் போட்டுக்கிட்டுப் போனா என்ன? கரண்ட் பில்லுக்குப் பயப்படுறாளா?"

டெல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். என்னோடு பார்த்த வருஷங்களில் அவன் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கும்போது முக்கியமான காட்சி போயிருக்கும். பின்னோக்கி ஓட்டச் சொல்ல எனக்குத் தயக்கம். இப்படியே இரண்டு குளிர்காலம் போனது. எனக்கு அலுப்பாக இருந்தது. அலுப்பைத் தவிர அப்போது வேறெதுவும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்த சமயம், அவள் இல்லாத ஒரு நாள் டெல்மர் சொன்னான். வேலையை விடப் போகிறானாம். அவனும் மார்லிஸும் அரிசோனாவுக்குப் போய்விடுவார்களாம். அங்கே பனி இல்லை, முழங்கால் வலி இல்லை. காமிக்ஸ் எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறான்.

"நீயும் வாடா. குளிர்காலம் பூரா எங்ககூட வந்து தங்கு" என்றான்.

மரியாதைக்குச் சொன்னான். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "அங்க போய்ப் படம் யாரோட பாப்ப?" என்று கேட்டேன்.

அவன் சோளப்பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு, "கோச்சுக்காத ஆரின். எனக்கு அந்தப் படம்லாம் எப்பவுமே அவ்வளவாப் பிடிக்காதுடா. பாத்தா ராத்திரி தூக்கம் வராது. நீ தனியா உக்காந்து பாப்பியேன்னுதான் வந்தேன்" என்றான். சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவும்போதுதான் தெளிவாகப் புரிந்தது. டெல்மருக்கு ஏதோ ஆகிவிட்டது. உங்களுக்குத் தெரியாது, ஒரு வகைப் படம் உண்டு. ஊரில் எல்லாரும் பழைய முகத்தோடுதான் இருப்பார்கள், பழைய குரலில்தான் பேசுவார்கள், ஆனால் உள்ளே வேறு யாரோ. முதலில் கண்டுபிடிக்கிறவன் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவன்தான் செய்யவேண்டியதைச் செய்தாக வேண்டும். நான் பைத்தியம் இல்லை மேடம். நிஜத்தில் அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் டெல்மர் அந்தப் படங்களை நேசித்தான். அது பொய் என்று சொல்கிற ஒருவன் டெல்மராக இருக்க முடியாது. இருக்க முடியாதென்றால் டெல்மர் ஏற்கெனவே போய்விட்டான். நான் அதை முடித்துவைத்தேன், அவ்வளவுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொடரை யாராவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாலாம் பாகம், ஐந்தாம் பாகம் என்று இழுத்து, பார்த்த ஞாபகத்தையே கெடுத்துவிடுவார்கள்.

அவன் வீட்டில் பனி அள்ளுவது நான்தான். முழங்கால் வலி வந்ததிலிருந்து அப்படி. பிப்ரவரியில் பெரிய புயல் அடித்ததே, ஏரிப் பக்கம் சாலையெல்லாம் மூடினார்களே, அது ஓய்ந்த மத்தியானம் போனேன். டெல்மருக்குச் சளிக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மார்லிஸும் உள்ளேதான் இருந்தாள். அவள் கார் வெளியே நின்றிருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டைச் சூடாக்குகிற ஹீட்டரின் புகைக்குழாய் பக்கவாட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அது அடைபட்டால் விஷவாயு வீட்டுக்குள் திரும்பிவிடும். அதை ஒட்டிப் பனி குவியாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. டெல்மர்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு நான் வாசலையும் கார் பாதையையும் சுத்தமாக வழித்தேன். அள்ளிய பனியையெல்லாம் அந்தச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டேன். குவியல் குழாய்க்கு மேலே வந்ததும் பனி அள்ளும் ஷவலின் முதுகால் தட்டி இறுக்கினேன். நிலவறையில் விஷவாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்று உண்டு. அதன் பேட்டரியை முந்தின சனிக்கிழமையே எடுத்துவிட்டேன். படம் பார்க்கும்போது கீச்சுக் கீச்சென்று கத்தி உயிரை வாங்கியது. அதற்காக எடுத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆஸ்ட்பி அம்மாள் கதவைத் திறந்து கையை ஆட்டினாள். "இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கெடைப்பான், ஆரின்! எங்க வீட்டு ஆள் எங்க பனியவே அள்ள மாட்டேங்கிறார்!" என்றாள். நானும் கையை ஆட்டினேன். வேர்த்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் சுட வைத்துக் குடித்தேன். ஒரு காமிக்ஸை எடுத்துப் படித்தேன், ஆனால் மனம் ஒட்டவில்லை. தோள் வலித்தது.

டெல்மர் தூக்கத்திலேயே போய்விட்டான். மார்லிஸ் தலைவலி தாங்காமல் எழுந்து, தவழ்ந்து வாசற்படிவரை வந்திருக்கிறாள். தபால்காரர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். தீயணைப்பு ஆட்கள் கூரையிலிருந்து பனி சரிந்து குழாயை மூடியிருக்கும் என்றார்கள். வருஷா வருஷம் எங்காவது நடக்கிறதுதானே. என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சர்ச்சில் டெல்மரைப் பற்றி என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பேசினேன். மூலையை மடக்காதே என்று அவன் சொன்னதைச் சொன்னதும் எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

அதற்கப்புறம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஒரு சனிக்கிழமை மார்லிஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். காரில் பெட்டி பெட்டியாக டெல்மரின் காமிக்ஸ். விஷவாயுவுக்குப் பிறகு அவள் கை நிலையாக நிற்பதில்லை. பின்னல் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கையோடு பெட்டிகளைத் தூக்கப் பார்த்தாள்.

"விக்க மனசு வரல ஆரின். ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். பிறகு, "இன்னிக்கு என்ன படம் போடப் போறீங்க?" என்று கேட்டாள்.

வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். கோடை, இலையுதிர் காலம் முழுக்க வந்தாள். இப்போதெல்லாம் படத்தின் நடுவில் பேசுவதில்லை. பயங்கரமான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், முடிந்ததும் நான் சொல்வேன், திறப்பாள். நடந்து வருகிற கொலைகாரனைப் பற்றி நான் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால், டெல்மரோடு இருந்த சனிக்கிழமைகளைவிட அவை நன்றாக இருந்தன.

போன சனிக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வசந்தம் வந்ததும் நான் அரிசோனா போறேன் ஆரின். டெல்மர் ஆசைப்பட்ட ஊரு. எனக்கு இந்தப் படமெல்லாம் சுத்தமா ஒத்துக்கலைங்க. ஆரின் தனியாயிருவான்னு டெல்மர் பொலம்பிக்கிட்டே இருப்பார். அதான் வந்துக்கிட்டிருந்தேன்."

பத்திரமாகப் போங்கள் என்றேன். ஜன்னல் வழியாக அவள் கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது நான் எதை யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் வீட்டுப் புகைக்குழாய் பின்பக்கம், ஒரு செடிப் புதருக்குப் பின்னால், இன்னும் தாழ்வாக இருக்கிறது.

அதனால்தான் வந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதாதீர்கள், அது வேறு மாதிரிக் கதை. களைப்பாக இருக்கிறது. ஒரே முடிவை இரண்டாவது படத்திலும் வைப்பவர்களுக்குக் கற்பனை இல்லை என்று நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். டெல்மர் கோஸ்கியை நான்தான் கொன்றேன். மார்லிஸையும் கொன்றிருப்பேன், அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அவளிடம் நீங்கள்தான் சொல்வீர்கள், இல்லையா. உட்காரவைத்துச் சொல்லுங்கள், கை ரொம்ப நடுங்கும். முதலில் அழுவாள். கொஞ்சம் அடங்கட்டும். பிறகு, சிறையில் பார்வையாளர்களைச் சனிக்கிழமை மத்தியானம்தான் விடுகிறார்கள் என்று சொல்லுங்கள். வந்துவிடுவாள். ஒரு மனிதனைத் தனியாக உட்காரவிடுகிறவள் இல்லை அவள்.