எகிறிய பந்து

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், இதுல உட்காருங்க. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வர்றீங்க போல, முதல்ல தண்ணி குடிங்க. நான் எங்கேயும் போயிடமாட்டேன்.

டென்னிஸ்ல எனக்கு ஒரே ஒரு குறைதான். முதல் சர்வ் நல்லா போடுவேன். அது வெளியே போயிட்டா, ரெண்டாவதுக்குக் கை நடுங்கும். அதுவும் தப்பினா பாயிண்ட் போச்சே. அதனால தொட்டில் ஆட்டுற மாதிரி பந்தை மெல்லத் தட்டி விடுவேன். கிளப்புல மத்தவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. உங்க வீட்டுக்காரி சிரிக்கமாட்டா. "பாவம், அக்காவை விடுங்க"ம்பா. நான் இந்த வீட்டு மூத்த மருமக, தம்பி. அவளை அந்த கிளப்புல சேர்த்துவிட்டதே நான்தான். சிரிச்சவங்களை மறந்துட்டேன்.

இடது கண்ணுல விழித்திரை கிழிஞ்சு ஆபரேஷன் ஆனதும், அவ என்கிட்டதான் வந்தா. இன்னொரு அடி பட்டா அந்தக் கண்ணு அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாராம். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்கக்கா, ஆடவே விடமாட்டாங்க. இனிமே உங்ககூட மட்டும்தான் ஆடுவேன். உங்க செகண்ட் சர்வ் பூ விழுற மாதிரி வரும், பயமே இல்ல."

சரிம்மா, நான் பார்த்துக்கறேன்னேன்.

மறுவாரமே, நம்மளை யாருக்கும் தெரியாத ஒரு மைதானத்துல ஒரு கோச்சைப் பிடிச்சேன். அவர் சொன்னது எனக்குப் புதுசா இருந்தது. பயந்து மெதுவா அடிக்கறதாலதான் தப்புதாம். தலைக்கு நேர் மேலே பந்தைப் போட்டு, கீழேயிருந்து மேலே துடைக்கற மாதிரி வேகமா வீசணும். பந்து நல்லா சுழலும். வலைக்கு மேலே உயரமா போய், சட்டுனு இறங்கி, தரையில பட்டதும் எகிறும்.

ரொம்ப நாள் வலையிலயும் வேலியிலயும்தான் போச்சு. முதுகு விட்டுப்போச்சு. ஒருநாள் சரியா விழுந்தது. எதிர்ல நின்ன கோச் முகத்தைச் சட்டுனு பின்னால இழுத்துக்கிட்டார். "அடேயப்பா, கிட்ட நின்னா மூக்கு போயிடும்மா"ன்னு சிரிச்சார்.

எவ்வளவு கிட்ட நின்னான்னு கேட்டேன். நின்னு காட்டினார்.

கிளப்புல அதை யார்கிட்டயும் போடலை. அவகிட்ட பழையபடியே தட்டி விட்டேன். அவ ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வந்து நிக்க ஆரம்பிச்சா. நான் வரச் சொல்லலை தம்பி. அவளா வந்தா.

நேத்து முதல் சர்வை வேணும்னேதான் வலையில அடிச்சேன். அவ கோட்டுக்கு உள்ளே நடந்து வந்து, கோச் காட்டின இடத்துலயே நின்னா. "மெதுவாவே போடுங்கக்கா, அவசரமில்ல"ன்னா. கை கொஞ்சம்கூட நடுங்கலை. பந்து இறங்கி, அவ இடது பக்கமா எகிறிச்சு. மட்டையைத் தூக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

தெரிஞ்சு அடிச்சீங்களான்னு கேக்கறீங்க. தெரிஞ்சுதான். அந்தக் கண்ணைக் குறிவெச்சுத்தான் கத்துக்கிட்டேன். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நானே வந்து சொல்றேன்.

ஆனா தம்பி, அங்கே பார்த்துக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் கேட்டாங்க, இப்படி ஒரு சர்வ் எப்போ கத்துக்கிட்டேன்னு. உங்க வீட்டுக்காரி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை நல்லதா சொல்லலை.